தோட்டம் என்றால் கார்டனா? – ஆங்கிலச் சொல் கேள்வி பதில்

இம்முறை வந்த கடிதங்கள் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தையும் நேர்முகப் பரீட்சையையும் சுற்றியவை. வழக்கம்போல ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறோம். வாய்விட்டு வாசித்துப் பாருங்கள்.

கொட்டகலையிலிருந்து உயர்தர மாணவி ஒருவர்: உதவித்தொகை விண்ணப்பத்தில் 'மை பேரன்ட்ஸ் வேர்க் இன் எ கார்டன்' என்று எழுதினேன். டீச்சர் 'கார்டன்' என்பதை அடித்துவிட்டு 'எஸ்டேட்' என்று எழுதினார். தோழி 'பிளான்டேஷன்' என்று எழுதியதற்கும் சரி போட்டிருக்கிறார். அகராதியில் தோட்டத்துக்கு நேரே கார்டன் என்றுதானே இருக்கிறது?

அகராதியில் பிழை இல்லை, தங்கச்சி. அது சொல்லும் தோட்டம் வேறு. கார்டன் என்றதும் ஆங்கிலம் வாசிப்பவருக்கு நினைவு வருவது வீட்டைச் சுற்றி இருக்கும் ரோசாச் செடியும் புல்தரையும். நீங்கள் எழுதியதை வாசிக்கும் கொழும்பு அதிகாரி, உங்கள் அப்பாவும் அம்மாவும் யாரோ ஒருவருடைய பங்களாவில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றே எடுத்துக்கொள்வார். அசாமிலும் டார்ஜிலிங்கிலும் 'டீ கார்டன்' என்பது நாளாந்த வழக்கு. நம் நாட்டில் அது 'டீ எஸ்டேட்'.

எஸ்டேட்டுக்கும் பிளான்டேஷனுக்கும் உள்ள வேறுபாடு: தனக்கென்று ஒரு பெயர், ஒரு துரை (தோட்ட நிர்வாகி), சில டிவிஷன்கள் என்று இருக்கும் அந்தக் குறிப்பிட்ட தோட்டம் எஸ்டேட். பிளான்டேஷன் என்பது பெருந்தோட்டம் என்ற பயிர்ச்செய்கை முறைக்கும் அந்தத் துறைக்கும் வரும் சொல். 1992இல் அரச தோட்டங்களின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் போன பிறகு கம்பனிப் பெயர்களின் வாலில் 'பிளான்டேஷன்ஸ்' என்பதை அடிக்கடி பார்க்கிறோம். ஆனால் அந்தக் கம்பனியின் கீழ் இருக்கும் ஒவ்வொன்றும் எஸ்டேட்தான். ஆகவே 'ஷீ வேர்க்ஸ் ஒன் எ டீ எஸ்டேட்', 'ஹீ இஸ் எ பிளான்டேஷன் வேர்க்கர்' இரண்டும் சரி. டீச்சர் இரண்டு சொல்லையும் ஏற்றுக்கொண்டதில் வியப்பில்லை. எஸ்டேட்டுக்கு முன்னால் 'இன்' வேண்டாம், 'ஒன்' போடுங்கள். ஃபெக்டரிக்கு 'இன்'.

தொழில் என்ற கட்டத்தில் 'டீ எஸ்டேட் வேர்க்கர்' என்று எழுதினால் போதும். 'லேபரர்' பழைய பத்திரங்களில் இருக்கிறது, பிழையும் இல்லை; இருந்தாலும் 'வேர்க்கர்' மேல். 'கூலி' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதவே வேண்டாம். நம் ஊரில் கூலி என்பது சம்பளம். ஆங்கிலத்தில் அது ஆளை இழிவுபடுத்தும் சொல்.

இதே கடிதத்தில் இன்னும் இரண்டு இடம் கண்ணில் பட்டது. 'அம்மா மலைக்குப் போயிருக்கிறார்' என்பதை 'மை மதர் ஹேஸ் கோன் டு த மௌன்டன்' என்று எழுதியிருக்கிறீர்கள். மலையேற்றத்துக்குப் போன மாதிரி இருக்கிறது! தோட்டத்து மலை ஆங்கிலத்தில் 'ஃபீல்ட்'. நம்பர் ஏழு மலை என்றால் 'ஃபீல்ட் நம்பர் செவன்'. 'ஷீ இஸ் அட் வேர்க் இன் த ஃபீல்ட்' என்று மாற்றுங்கள். அடுத்தது ஸ்டோர். அண்ணன் ஸ்டோரில் வேலை என்று நாம் சொன்னால் தோட்டத்தில் எல்லோருக்கும் விளங்கும்: கொழுந்து வாட்டி, அரைத்து, தூளாக்கும் இடம். ஆங்கிலத்தில் 'ஸ்டோர்' கடை, அல்லது சாமான் அடுக்கும் களஞ்சியம். 'மை பிரதர் வேர்க்ஸ் இன் எ ஸ்டோர்' என்றால் அண்ணன் கடையில் சாமான் நிறுத்துக் கொடுக்கிறார். 'டீ ஃபெக்டரி' என்று எழுதினால் குழப்பம் இல்லை. ஆங்கிலத்திலிருந்து நம் வாய்க்கு வந்து பொருள் மாறிய சொற்கள்தான் அகராதிச் சொற்களைவிட அதிகம் ஏமாற்றும். பார்த்த உடனே தெரிந்த சொல் போல இருப்பதால் யாரும் சரிபார்ப்பதில்லை.

'அரைப் பேர்' (அரை நாள் சம்பளம்) என்பதும் அப்படித்தான். 'ஹாஃப் நேம்' என்று எழுதினால் தோட்டத்து ஒஃபிசுக்கு விளங்கும். வெளியாருக்கு எழுதும்போது 'ஹாஃப் எ டேஸ் பே'.

பொகவந்தலாவையிலிருந்து ஓய்வுபெற்ற வெளிக்கள உத்தியோகத்தர்: சென்ற இதழில் பூ, பழம், இலை எல்லாவற்றுக்கும் 'பிக்' என்ற ஒரே சொல் போதும் என்று பதில் சொல்லியிருந்தீர்கள். கொழுந்துக்கு நாங்கள் ஆயுள் முழுக்க 'ப்ளக்' என்றே எழுதினோம். செக்ரோலும் (வரவு, சம்பளப் பதிவேடு) அப்படித்தான். திருத்துவீர்களா?

திருத்துகிறோம் ஐயா. பொது ஆங்கிலத்தில் 'பிக்' பிழை இல்லை; வெளிநாட்டுப் பத்திரிகைகள் 'டீ பிக்கர்ஸ்' என்று எழுதுவதும் உண்டு. ஆனால் இலங்கைத் தேயிலைத் தொழிலின் சொல் 'ப்ளக்'. எடுப்பவர் 'ப்ளக்கர்', இரண்டு இலையும் மொட்டுமாக நறுக்கென்று எடுத்தால் 'ஃபைன் ப்ளக்கிங்', முற்றிய இலையும் சேர்ந்து வந்தால் 'கோர்ஸ் ப்ளக்கிங்', ஒரு மலையில் கொழுந்தெடுத்து மறுபடி அதே மலைக்கு வருவது 'ப்ளக்கிங் ரவுண்ட்'. இதில் எதிலும் 'பிக்' என்று மாற்றிப் போட்டால் தொழில் தெரியாதவர் எழுதியது என்று தெரிந்துவிடும்.

கோப்பி 'பிக்' செய்யப்படும். அது பழம். இந்த மலைகளில் 1869இல் கோப்பி இலைநோய் பரவி, லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தொடங்கிய தேயிலை மெல்ல அந்த இடத்தைப் பிடித்தபோது, பயிரோடு வினைச்சொல்லும் மாறியது என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டத்துக்கு வெளியே 'ப்ளக்' வரும் இடங்கள் கோழி இறகும் வீணைத் தந்தியும்.

கொழுந்தை நிறுத்துச் சொல்லும்போது 'ட்வென்டி கிலோஸ் ஒஃப் லீவ்ஸ்' என்று எழுத வேண்டாம். தொழில் வழக்கில் அது பன்மை ஏற்காது: 'ட்வென்டி கிலோஸ் ஒஃப் க்ரீன் லீஃப்'. அரிசியை எப்படிச் சொல்கிறோமோ அப்படி.

நானுஓயாவிலிருந்து சுற்றுலா வழிகாட்டி ஒருவர்: காலையில் பனி இறங்குவதைக் காட்டி 'ஸ்னோ' என்றேன், வெள்ளைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவர் 'மிஸ்ட்' என்றார், இன்னொருவர் 'ஃபொக்' என்றார். சரி, ஜனவரியில் புல்லில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறதே, அதுவாவது ஸ்னோ இல்லையா?

அதுவும் இல்லை, தம்பி. பனி என்ற ஒரே சொல்லை வைத்து நாம் ஐந்து வேலை வாங்குகிறோம். ஆங்கிலத்தில் ஐந்துக்கும் தனித்தனி ஆள். இரண்டு கேள்வி கேட்டால் ஆளைப் பிடித்துவிடலாம்: அது எங்கே இருக்கிறது? தண்ணீரா, உறைந்ததா?

புல்லில் கிடந்து காலை நனைத்தால் 'டியூ'. காற்றில் மிதந்து கண்ணை மறைத்தால் மிஸ்ட் அல்லது ஃபொக். வானிலைக் கணக்குப்படி 1 கிலோமீற்றருக்கும் அப்பால் பார்க்க முடிந்தால் மிஸ்ட், அதற்குக் குறைந்தால் ஃபொக். கையில் அளவுகோல் வேண்டாம். எதிர் மலையின் விளிம்பும் ஸ்டோர் கூரையும் மங்கலாகவாவது தெரிந்தால் மிஸ்ட். ஹப்புத்தளை வளைவில் பஸ் பகலிலேயே லைட் போட்டு ஊர்ந்தால் ஃபொக். விளம்பரத்தில் 'மிஸ்டி ஹில்ஸ்' என்று போடலாம், அழகு. 'ஃபொகி ஹில்ஸ்' என்று போட்டால் ஆள் வரமாட்டார். சாரதியை எச்சரிக்கும்போது மட்டும் 'இட்ஸ் வெரி ஃபொகி'. பனி இறங்கினால் 'த மிஸ்ட் ரோல்ட் இன்', விலகினால் 'த மிஸ்ட் லிஃப்டட்'.

ஜனவரி, பெப்ரவரியில் நீங்கள் பார்ப்பது 'ஃப்ரொஸ்ட்', இன்னும் சரியாக 'கிரவுண்ட் ஃப்ரொஸ்ட்'. மேகமே இல்லாத, காற்று அசையாத இரவில் நிலத்தின் சூடு மேலே போய்விடும். குளிர்ந்து கனத்த காற்று சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். அங்கே புல்லிலும் கொழுந்திலும் ஈரம் உறைந்து வெள்ளையாகப் படியும். அதனால்தான் மேட்டில் இருக்கும் செடி தப்பி, ஓடைக்கரைச் செடி அடிபடுகிறது. அது வானத்திலிருந்து விழவில்லை என்பதைக் கவனியுங்கள்; வினைச்சொல்லே அதைச் சொல்லும். 'ஸ்னோ ஃபோல்ஸ்', 'ஃப்ரொஸ்ட் ஃபோம்ஸ்'. நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருந்தாலும் அங்கே ஸ்னோ பெய்வதில்லை. வெயில் ஏறியதும் அந்தச் செடிகள் கருகிப் பழுப்பாகத் தெரியும். 'பர்ன்ட்' என்றால் யாரோ தீ வைத்தது போலாகும், 'த ஃப்ரொஸ்ட் ஸ்கோர்ச்ட் த டீ' என்பதே சரி. ஆலங்கட்டி மழை 'ஹெய்ல்'. ஐந்தும் ஆயிற்று, ஆறாவதும் ஒன்று சேர்ந்துவிட்டது.

கூடவே ஒன்று: உங்கள் அறிவிப்புப் பலகையில் 'கோல்ட் க்ளைமேட்' என்று இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 'கோல்ட்' என்றால் நடுக்கம். 'கூல் க்ளைமேட்' என்று மாற்றிவிடுங்கள்.

பண்டாரவளையிலிருந்து வேலை தேடும் இளைஞர்: 'அட்வைஸ்' என்பதைக் கடைசியில் எப்போது சி போட்டு எழுதுவது, எப்போது எஸ் போட்டு எழுதுவது?

பெயர்ச்சொல்லுக்கு சி, வினைக்கு எஸ். 'ப்ராக்டிஸ்', 'லைசன்ஸ்' இரண்டும் பிரித்தானிய எழுத்துமுறையில் இதே விதிதான். நம் பாடசாலைகளிலும் அதுவே. ஆகவே கையில் இருக்கும் ட்ரைவிங் லைசன்சுக்கு சி. அட்வைசை 'அட்வைசஸ்' என்று பன்மையாக்க வேண்டாம்.

தலவாக்கலையிலிருந்து ஒரு வாசகி: 'ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் ஃப்ரொம் 2019', 'ஐ ஆம் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்'. இரண்டும் பிழை என்று நேர்முகப் பரீட்சைக்குப் பயிற்சி தந்த சேர் சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை.

இந்த இடத்தில் தமிழே வழிகாட்டும். 'ஆறு வருஷமா வேலை செய்றேன்' என்றும் '2019இல இருந்து வேலை செய்றேன்' என்றும் நாம் பிரித்துத்தான் பேசுகிறோம். 'வருஷமா', 'மாசமா', 'நாளா' என்று அந்த 'ஆ' வரும் இடத்தில் 'ஃபோர்'. 'இல இருந்து' வரும் இடத்தில் 'சின்ஸ்'. நீளத்துக்கு ஃபோர், தொடங்கிய புள்ளிக்கு சின்ஸ். 'சின்ஸ் சிக்ஸ் இயர்ஸ்' என்று யாராவது சொன்னால் 'ஆறு வருஷத்தில இருந்து' என்று தமிழில் சொல்லிப் பாருங்கள், காதே பிடித்துக்கொள்ளும்.

தமிழ் காலை வாருவது வினைச்சொல்லில். 'செய்றேன்' என்ற நிகழ்காலத்தை அப்படியே 'ஆம் வேர்க்கிங்' என்று வைத்துவிடுகிறோம். அன்று தொடங்கி இன்றும் தொடரும் வேலைக்கு 'ஹேவ் பீன்' வேண்டும்: 'ஐ ஹேவ் பீன் வேர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019.' நேர்முகப் பரீட்சையில் இதில் தவறினால் வெறும் இலக்கணப் பிழையோடு போகாது. 'ஐ வேர்க்ட் தெயர் ஃபோர் சிக்ஸ் இயர்ஸ்' என்றால் அந்த வேலையை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். அடுத்த கேள்வி 'ஏன் விலகினீர்கள்' என்றுதான் வரும். 'ஃப்ரொம்' வர வேண்டுமானால் இரு நுனியும் வேண்டும்: 'ஐ வேர்க்ட் தெயர் ஃப்ரொம் 2015 டு 2019.'

'இரண்டு வருஷத்துக்கு முன்' என்பது 'பிஃபோர் டூ இயர்ஸ்' அல்ல, 'டூ இயர்ஸ் அகோ'. 'அகோ' எப்போதும் பின்னால்தான் வரும், எப்போதும் இறந்தகாலத்தோடு.

அதே வாசகி 'பை' வேண்டுமா 'அன்டில்' வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். இங்கும் தமிழைக் கேளுங்கள். 'வெள்ளிக்குள்ள அனுப்பு' என்றால் 'பை ஃப்ரைடே'. 'வெள்ளி வரைக்கும் இரு' என்றால் 'அன்டில் ஃப்ரைடே'. 'செண்ட் இட் அன்டில் ஃப்ரைடே' என்றால் வெள்ளி வரை தினமும் அனுப்பிக்கொண்டே இரு என்றாகிவிடும். 'மூன்று நாளுக்குள்' என்பதற்கு 'விதின் த்ரீ டேஸ்'. 'இன் த்ரீ டேஸ்' என்றால் பொதுவாக மூன்று நாள் கழிந்து வருவது.

மஸ்கெலியாவிலிருந்து தோட்டத் தொழிலாளர் ஒருவர்: சம்பளப் பட்டியல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன்: 'தே ரெடியூஸ்ட் எய்ட் பர்சன்ட் ஆஃப் மை செலரி.' வாசித்தவர் கோபமாக யாரையோ குற்றம் சாட்டுவது போல இருக்கிறது என்றார். எனக்கு விபரம்தான் தேவை, சண்டை இல்லை.

சண்டை வந்தது 'ரெடியூஸ்' என்ற சொல்லால். 'சம்பளத்தில கழிச்சாங்க' என்பதும் 'சம்பளத்தைக் குறைச்சாங்க' என்பதும் வேறு. கழிப்பது 'டிடக்ட்', குறைப்பது 'ரெடியூஸ்'. மாதம் 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊழியர் சேமலாப நிதிக்கு (ஈ.பி.எஃப்.) உங்கள் பங்கு 8 வீதம், 2,000 ரூபாய். அது கழிந்து கையில் 23,000 வந்தாலும் உங்கள் சம்பளம் 25,000தான். 2,000 உங்கள் பெயரில் நிதியில் இருக்கிறது. நிர்வாகம் தன் பங்காக 12 வீதம், 3,000 ரூபாய் சேர்க்கிறது. இது 'டிடக்ஷன்'. சம்பளத்தையே 23,000 ஆக்கிவிட்டால்தான் 'ரிடக்ஷன்', அப்போது நிதிக்குப் போகும் பங்குகளும் குறையும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதி என்ற வேறொரு நிதிக்குரிய 3 வீதம் முழுவதும் நிர்வாகத்தின் பங்கு. அதற்கு 'கொன்ட்ரிபியூட்' என்ற சொல் வரும், 'டிடக்ட்' வரவே வராது. உங்கள் பட்டியலில் அந்த 3 வீதம் கழிவுப் பக்கத்தில் இருந்தால், கேட்க வேண்டிய கேள்வி அது.

அடுத்து 'செலரி'. நாளாந்தக் கணக்கில் வருவது 'வேஜஸ்', மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையாக வருவது 'செலரி'. 2021இல் ஆயிரம் ரூபாய் கிடைத்தபோது ஆங்கிலப் பத்திரிகைகள் 'டெய்லி வேஜ்' என்றே எழுதின. கிளாக்கருக்கு செலரி, மலையில் நிற்பவருக்கு வேஜஸ். 'பே' இருவருக்கும் பொருந்தும். உயர்வு தாழ்வு சொல்லும் சொற்கள் அல்ல இவை, கணக்கு முறையைச் சொல்லும் சொற்கள். கடிதத்தை இப்படித் திருத்துங்கள்: 'எய்ட் பர்சன்ட் ஒஃப் மை வேஜஸ் வோஸ் டிடக்டட் ஃபோர் ஈ.பி.எஃப். ப்ளீஸ் லெட் மீ நோ த டீடெய்ல்ஸ்.' 'தே' என்ற சொல் போனதோடு கோபமும் போய்விட்டதைக் கவனியுங்கள்.

கடிதத்தின் அடியில் தீபாவளி முற்பணத்தை 'போனஸ்' என்று எழுதியிருக்கிறீர்கள். போனஸ் திருப்பிக் கொடுப்பதல்ல. முற்பணம் 'ஃபெஸ்டிவல் அட்வான்ஸ்'. அது பின்னர் தவணையாக 'ரிகவர்' செய்யப்படும். போனஸ் என்று எழுதிவிட்டு, ஏன் பிடிக்கிறார்கள் என்று கேட்டால் எதிரில் இருப்பவருக்குத் தலை சுற்றும்.

கொஸ்லந்தைப் பக்கத்திலிருந்து இளைஞர் கழகச் செயலாளர்: லயத்துக்குப் (தொழிலாளரின் வரிசை வீடுகளுக்குப்) பின்னால் மண் சரிகிறது. அதிகாரிகளுக்கு எழுத 'லேண்ட்ஸ்லைட்' என்பதா, 'ஏர்த்ஸ்லிப்' என்பதா? 'வீ வேர் வெகேட்டட்' என்று எழுதலாமா?

வீதியோரக் கரையோ ரயில் பாதை மேடோ சரிந்து மண் கொட்டினால் நம் நாட்டில் 'ஏர்த்ஸ்லிப்' என்கிறோம். சரிவே பெயர்ந்து இறங்கினால் 'லேண்ட்ஸ்லைட்'. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் நடந்தது அது. கல் மட்டும் உருண்டால் 'ரொக்ஃபோல்'. நிலம் கீழே அமிழ்ந்தால் 'சப்சிடன்ஸ்'. பெயர் எது என்று தயங்கி நேரம் போக்காமல், கண்டதை எழுதுங்கள்: சுவரில் வெடிப்பு 'கிரேக்', அது அகன்றிருந்தால் 'த கிரேக் ஹேஸ் வைடன்ட்', நேற்று ஒரு விரல் அகலம், இன்று இரண்டு விரல் என்றால் அந்த அளவையும் போடுங்கள். மரம் சாய்ந்தால் 'த ட்ரீஸ் ஆர் லீனிங்'. நிலத்திலிருந்து திடீரென்று கலங்கல் தண்ணீர் வந்தால் 'மடி வோட்டர் இஸ் கமிங் அவுட் ஒஃப் த கிரவுண்ட்'. சரிந்தது எது என்றும் சொல்லுங்கள்: லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு 'த பேங்க் பிஹைன்ட் த லைன் ரூம்ஸ்'.

'வெகேட்' என்றால் இடத்தைக் காலி செய்து ஒப்படைப்பது: வாடகை வீடு, ஹோட்டல் அறை, பதவி. ஆபத்திலிருந்து ஆட்களை வெளியேற்றுவது 'எவாகுவேட்'. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையில் சிவப்பு மட்டம் சொல்வது இதைத்தான். 'ட்வெல்வ் ஃபெமிலீஸ் வேர் எவாகுவேட்டட் டு த ஸ்கூல்' என்று எழுதுங்கள். பாடசாலையில் தங்கியிருப்பவர்களை 'ரெஃப்யூஜீஸ்' என்று எழுத வேண்டாம். அது நாட்டு எல்லை கடந்து போனவருக்குரிய சொல். இவர்கள் 'டிஸ்பிளேஸ்ட் ஃபெமிலீஸ்'. கடிதத்துக்கு முன்னால் கிராம உத்தியோகத்தருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள், அதற்குத் தமிழே போதும்.

இராகலையிலிருந்து ஆசிரியர் ஒருவர்: மலையகத் தமிழர் என்பதை 'அப்கன்ட்ரி தமில்ஸ்' என்பதா, 'ஹில் கன்ட்ரி தமில்ஸ்' என்பதா?

இரண்டும் புழக்கத்தில் உள்ளவை. 'அப்கன்ட்ரி' என்ற சொல் கண்டிச் சிங்களவருக்கும் வரும் என்பதால் 'தமில்ஸ்' என்பதை விட்டுவிடக் கூடாது. 'ஹில் கன்ட்ரி' நிலப்பகுதியின் பெயர், பிழை வராது. 1911 தொடக்கம் குடிசனமதிப்பில் வந்த 'இந்தியன் தமில்ஸ்' பழைய புள்ளிவிபரத்தை மேற்கோள் காட்டும்போது தேவைப்படும். நம் தெரிவு 'மலையகா தமில்ஸ்' என்று தமிழ்ப் பெயரையே வைப்பது. தென்னிந்தியத் தொழிலாளரின் 1823 வருகையின் 200 ஆண்டு நிறைவை ஒட்டி 2023இல் வெளிவந்த ஆங்கில எழுத்துகளில் அது நன்றாகவே பரவியது. அந்த 'க'வுக்கு சிலர் எச், சிலர் கே, சிலர் ஜி போடுகிறார்கள். எதையாவது போடுங்கள், ஒரே கட்டுரையில் மூன்றையும் போடாதீர்கள். 'மௌன்டன் தமில்ஸ்' என்று எழுதிய மாணவரை அடிக்க வேண்டாம், சேர். அவர் அகராதியை நம்பியவர்.

எல்ல நகரில் விடுதியொன்றில் வரவேற்பு மேசையில் இருப்பவர்: வேலை முடிந்து கிளம்பும்போது விருந்தினரிடம் 'ஐ வில் கோ என்ட் கம்' என்கிறேன். சிலர் நான் திரும்பி வரும்வரை அங்கேயே நிற்கிறார்கள்.

'போயிட்டு வாறேன்' நமக்கு விடைபெறும் சொல், 'போறேன்' என்று சொல்ல வாய் வராது. அவர்களுக்கு அது வாக்குறுதி. நாளைக்குத்தான் வருவீர்கள் என்றால் 'ஐம் ஒஃப் நௌ, சீ யூ டுமொரோ'. சாவி எடுக்கப் பின்னறைக்குப் போகிறீர்கள் என்றால் 'ஐல் பீ ரைட் பேக்'. இரண்டையும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள், பாவம் அவர்கள் பையோடு நிற்பார்கள்.